நான் எடுக்கச் சொன்ன கட்டம்

அன்று முதலாளியின் முன்னால் நீ நின்றுகொண்டிருந்தபோது நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "அந்தக் கட்டத்தை எடுக்கச் சொன்னது நான்தாங்க. ரெண்டும் ஒரே ஆளுன்னு சொன்னதும் நான்தான். அவன் மேல தப்பு இல்ல." இவ்வளவுதான். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பிரிண்டருக்குப் பக்கத்தில், அப்போதுதான் வெளியே வந்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒரே ஒரு முறை என் பக்கம் திரும்பினாய். நான் தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். அதில் எதுவும் அச்சாகியிருக்கவில்லை.

நீ பெங்களூர் பஸ் ஏறிய பிறகு பலமுறை போனை எடுத்து உனக்குச் செய்தி அனுப்ப முயன்றேன். தட்டச்சு செய்து செய்து அழித்தேன். போனில் அனுப்பினால் நீ "பரவால்லமா" என்று ஒரு வார்த்தை அனுப்பிவிடுவாய், அதோடு அது முடிந்துபோகும். அப்படி முடிய விடக்கூடாது என்று தோன்றியது. இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. அன்று உன்னைப் பேசியது கடையில் நாலு பேர் முன்னால். நான் மட்டும் என் குற்றத்தை உன் காதோடு சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பது நியாயம் இல்லை. என்னைப் பற்றி உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டாரிடம்கூட வீட்டு விஷயம் பேசமாட்டேன். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்தால்கூட அட்டை தெரியாமல் பைக்குள் வைத்துக்கொள்பவள். அப்படிப்பட்ட நான் இதை எழுதுகிறேன் என்றால் எவ்வளவு நாள் தள்ளிப் போட்டிருப்பேன் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

பதினெட்டு முடிந்த கையோடு எனக்குக் கல்யாணம், அடுத்த வருடமே நீ. கடைத்தெருவில் நாம் சேர்ந்து போனால் உன் அக்காவா என்று கேட்பார்கள், நீ வேண்டுமென்றே ஆமாம் என்பாய். ஒரு தாய்க்கு இருக்க வேண்டிய நிதானம் எனக்கு இல்லாததற்கு வயதை ஒரு காரணமாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். இனி அதையும் சொல்ல முடியாது.

முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து. எங்கள் பட்டுக் கடையின் பின்கட்டு அலுவலகம் எப்படி இருந்தது என்பதை, அதை வந்து மாற்றிய நீ மறந்திருக்கமாட்டாய். முன்னால் வெள்ளை மெத்தை விரித்து வாடிக்கையாளருக்குச் சேலை காட்டுவார்கள். பின்னால் என் மேசை, இரும்பு அலமாரி, அதற்குள் பாவு நோட்டுகள். எந்த நெசவாளருக்குத் தறியில் ஏற்ற எந்த நிறத்தில் பாவு நூல் கொடுத்தோம், என்ன டிசைன், எவ்வளவு பட்டு, எவ்வளவு ஜரிகை, சேலை நெய்து எப்போது திரும்பியது, எல்லாம் அதில்தான். ஒரு நெசவாளர் வந்து நின்றால் நான் நோட்டைப் புரட்டி, போன சேலை வந்துவிட்டதா என்று பார்த்துத்தான் அடுத்த பாவைக் கொடுப்பேன். முதலாளியின் சகலை தன் கடையில் கம்ப்யூட்டர் வைக்கப்போகிறேன் என்று சொன்னதும் இவருக்கு முந்திக்கொள்ள வேண்டும் என்று வந்துவிட்டது. "உம்புள்ள கம்ப்யூட்டர்தானே படிச்சிக்கினு இருந்தான்? வெளியாள் எதுக்குமா, அவனையே வரச்சொல்லு" என்றார். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

நீ வந்ததும் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. சில நாள் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள், நான் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறேன் என்று பார்த்தாய். ஒரு தாளில் கட்டம் கட்டமாக வரைந்தாய். அதற்குப் பிறகுதான் மூன்று கம்ப்யூட்டர், கரண்ட் போனால் தாங்க ஒரு யூபிஎஸ், ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒயர். பட்டு இருக்கும் அலமாரிப் பக்கம் ஒயரே போகக்கூடாது என்று சுவரின் மறுபக்கமாகச் சுற்றி இழுத்தாய். முதலாளி பெரிய கம்ப்யூட்டரைச் சாமி படத்துக்குக் கீழேதான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை அங்கேதான் வரும். நான் பயந்துகொண்டிருந்தேன். நீ சிரிக்காமல், "கீழ வெச்சா சாமி குனிஞ்சி பாக்கணும்ங்க. எதிர்ல வெச்சிட்டா சாமியே பாத்துக்கினு இருக்கும்" என்றாய். அவர் சாமி படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "பையன் பொழச்சிக்குவான்" என்றார். அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதை நான் எத்தனை பேரிடம் சொன்னேன் தெரியுமா? யாரிடமும் எதுவும் சொல்லாத நான்.

இனி அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். நம் ஊரில் பெயர்களுக்குப் பஞ்சம். கோயிலுக்குள் இருக்கும் சாமிகளின் பெயரைத்தான் வீட்டுக்கு வீடு வைத்துக்கொள்கிறோம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவில் நின்று ஏகாம்பரம் என்று கூப்பிட்டால் வாசலுக்கு வாசல் ஆள் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் பாவு நோட்டில் முதல் கட்டம் பட்டப்பெயருக்கு, அதற்கு அடுத்த கட்டம்தான் பெயருக்கு. குளத்தங்கரை. மணிக்காரர். கிளி வீடு. யாரோ ஒரு காலத்தில் கிளி வளர்த்திருப்பார்கள், கிளி செத்து, வளர்த்தவரும் செத்து, இப்போது கூண்டுகூட இல்லை. ஆனாலும் அது கிளி வீடுதான். சில பெயர்கள் ஆளுக்கு முன்னால் சொல்லக்கூடியவை இல்லை. நொண்டி, திருட்டுப் பாவு, மாமியாரை அடிச்சவ. எழுதுபவர்களுக்கு அதில் வெட்கம் இருப்பதில்லை, அடையாளம் தெரிந்தால் போதும்.

நம் வீடும் அந்த நோட்டில் இருக்கிறது. உன் அப்பாவைப் பெற்ற தாத்தா முருகேசன் இன்னும் எங்கள் கடைக்குத்தான் நெய்கிறார். அவர் பெயருக்கு முந்தைய கட்டத்தில் இருப்பது, "ஓடிப்போனவன் வீடு."

உன் அப்பா பெங்களூர்க் கண்காட்சிக்குச் சேலைக் கட்டோடு போனவர். கட்டு விற்றுப்போனதாகத் தகவல் வந்தது, அவர் வரவில்லை. தேடினோம், பிறகு தேடுவதை நிறுத்தினோம். நீ அப்போது என் இடுப்பில் இருந்தாய். முதலாளி இரக்கப்பட்டுத்தான் எனக்கு வேலை கொடுத்தார், அதை நான் மறுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய நோட்டு தீர்ந்து புது நோட்டுக்கு எல்லாப் பெயரையும் நானே எடுத்து எழுத வேண்டியிருந்தது. உன் தாத்தாவின் வரி வந்தபோது பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு எழுதினேன். வேறு எப்படி எழுதினாலும் வேறு முருகேசனின் பாவு நம் வீட்டுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு புது நோட்டிலும் அதை என் கையெழுத்தில்தான் எழுதி வந்திருக்கிறேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, "நம்ம வூட்டுக்கு பட்டப்பேரு இன்னாமா? எல்லாருக்கும் இருக்குது" என்று கேட்டாய். நம் வீட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது என்றேன். நீ ஏமாந்துபோன முகத்தோடு, நாமே ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாய். நான் உன்னைத் திட்டினேன், எதற்கு என்றே உனக்குப் புரியாமல். அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் சூரத்தில் மில் வேலை என்று சொல்லப் பழக்கியதும் நான்தான். நீ அதை எவ்வளவு சரளமாகச் சொல்வாய். ஒரு குழந்தையைப் பொய் சொல்லப் பழக்குகிறோம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் பிள்ளை கெட்டிக்காரன் என்றுதான் நினைத்தேன்.

நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பெயர்களை ஏற்றும் நாள் வந்தபோது, நோட்டை உன் கையில் கொடுக்கவே எனக்கு மனம் வரவில்லை. நான் படிக்கிறேன், நீ அடி என்றேன். பெயர், இனிஷியல், தெரு என்று படித்துக்கொண்டே போனேன். நீ நிறுத்திக் கேட்டாய்: "முதல் கட்டத்த வுட்டுட்டு படிக்கிறியேமா." நான், அதெல்லாம் அசிங்கமான பேச்சு, கம்ப்யூட்டரில் ஏற்றக்கூடாது, நாளைக்கு பில்லில் அடித்து வந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்றேன். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. நீ உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே பேர் இரண்டு பேருக்கு இருந்தால் எப்படிப் பிரிப்பது என்று கேட்டாய். இனிஷியல் இருக்கிறது, தெரு இருக்கிறது, போதும், இத்தனை வருடமாக நான் பார்க்காத நெசவாளரா என்றேன். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்துவிடலாம் என்றாய். அவர்களுக்கு எண் ஞாபகம் இருக்காது, வேண்டாம் என்றேன். உன் முகத்தில் திருப்தி இல்லை. ஆனால் அலுவலகத்தைத் தெரிந்தவள் நான், அதோடு உன் அம்மா. நீ விட்டுக்கொடுத்தாய்.

மறுநாளே, வீட்டில் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நீ கடைக்குப் போன் செய்தாய். எம். ஏகாம்பரம் என்ற பெயர் ஒரே தெருவில் இரண்டு முறை வருகிறது, கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லை, ஒரே ஆளா என்று கேட்டாய். நோட்டை எடுத்துப் பார்த்துச் சொல்கிறாயா என்றும் கேட்டாய். நான் பார்க்கவில்லை. பார்த்துச் சொன்னால் உனக்குப் பட்டப்பெயர் தேவைப்படும், அந்தக் கட்டம் திரும்ப வந்துவிடும் என்ற பயம் எனக்கு. எனக்குத் தெரிந்த எம். ஏகாம்பரம் குளத்தங்கரைக்காரர் ஒருவர்தான். "ரெண்டு தடவ எழுதியிருக்கும்பா. ஒண்ணா சேத்துடு" என்றேன். கிளி வீட்டுக்காரருக்கும் அதே பெயர்தான், இனிஷியலும் அதே. அவரை ஏகாம்பரம் என்று யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கிளி அண்ணன், கிளி மாமா, அவர் மனைவிகூட எங்கள் கடைக்கு வந்தால் "கிளி வூட்டுப் பாவு" என்றுதான் கேட்பார். அப்படி ஒருவருக்குப் பெயர் என்று ஒன்று இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

உன் ஏற்பாடு நன்றாக நடந்தது. பெயரைத் தட்டினால் அவர் கையில் இருக்கும் பாவு எது, என்ன நிறம், எந்த நாளில் கொடுத்தது, எல்லாம் திரையில் வந்து நின்றது. முதலாளி மானிட்டருக்குக் குங்குமம் வைத்தார். மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு, தேவை இல்லாமலும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சகலை வந்து பார்த்துவிட்டு, வரதர் கோயிலில் கருட சேவைத் திருவிழா முடியட்டும், எங்கள் கடைக்கும் இதே பையனே செய்யட்டும் என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடைக்கு எத்தனை கம்ப்யூட்டர் வேண்டியிருக்கும், எங்கே வைக்கலாம் என்று தாளில் வரைய ஆரம்பித்தாய். இந்தத் தெருவில் இருக்கும் எல்லாப் பட்டுக் கடைக்கும் நீதான் செய்யப்போகிறாய் என்று தாத்தா சொன்னார். ஊரை விட்டுப் போகாமல் ஊரிலேயே தொழில் செய்யும் பிள்ளை என்று அவருக்கு ஒரு பூரிப்பு. ஏன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கருட சேவைக்கு முந்தைய வாரம் தாத்தாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக நான் லீவு போட்டேன். அன்றுதான் கிளி வீட்டுக்காரர் அடுத்த பாவு கேட்டு வந்திருக்கிறார். முன்னமே ஒரு கல்யாணச் சேலையை நெய்து கொடுத்துவிட்டவர். முதலாளி தானே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெயர் கேட்டு, தட்டிப் பார்த்திருக்கிறார். எம். ஏகாம்பரம் கையில் ஒரு பாவு இருக்கிறது, சேலை இன்னும் வரவில்லை என்று திரை சொல்லியிருக்கிறது. அது குளத்தங்கரைக்காரரின் பாவு. கிளி வீட்டுக்காரர், சேலையைக் கொடுத்துவிட்டேனே என்று சொல்ல, முதலாளி, கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று கேட்டிருக்கிறார். முன்னால் சேலை காட்டும் சாந்தி மறுநாள் எனக்கு அதை அப்படியே சொன்னாள். "பட்ட வேற எடத்துல குடுத்துட்டு இங்க வந்து கையேந்துறியான்னு கேட்டுட்டாருக்கா. கஸ்டமரு எல்லாம் உக்காந்துக்கினு இருக்காங்க. அந்த மனுசன் மேல் துண்ட எடுத்து தோள்ல போட்டுக்கினு போயிட்டாரு." நெசவாளரைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தை அது. பட்டை வெளியே விற்றவன் என்ற பேச்சு ஒரு தடவை வந்துவிட்டால் எந்தக் கடைக்காரரும் நம்பிப் பாவு கொடுக்கமாட்டார்.

சாந்தி சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தேன். கிளி வீடு, எம். ஏகாம்பரம். நான் எழுதியதுதான், என் கையெழுத்துதான். அதே நேரத்தில் குளத்தங்கரைக்காரர் தன் சேலையோடு உள்ளே வந்தார். முதலாளி அவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போது நான் வாயைத் திறந்தேன். திறந்து சொன்னது, "கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு இருக்குதுங்க." அன்று நான் சொல்லாமல் விட்டதைப் போலவே இதையும் எழுதி வைக்க வேண்டும். சும்மா இருந்திருந்தால்கூட இவ்வளவு கேவலம் இல்லை. முதலாளி, கூப்பிடு உன் பிள்ளையை என்றார். போன் செய்து உன்னை வரச்சொன்னதும் நான்தான். என்ன விஷயம் என்று கேட்டாய், வா என்று மட்டும் சொன்னேன்.

நீ வந்தபோது கிளி வீட்டுக்காரரையும் ஆள் விட்டு அழைத்து வந்திருந்தார்கள். அவர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நீ திரையைப் பார்த்தாய், நோட்டைக் கேட்டாய். சாந்தி எடுத்துக் கொடுத்தாள். அதைப் புரட்டினாய். பக்கங்கள் எல்லாவற்றிலும் அந்த முதல் கட்டம் இருந்தது. உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று உன் தோளைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. முதலாளிக்குக் கிளி வீட்டுக்காரரிடம் தலைகுனிய வேண்டியிருந்த கோபம். அதை யார் மேலாவது இறக்கியாக வேண்டும். "இன்னாபா, கணக்கு வெக்கச் சொன்னா ஆளையே அழிச்சி வெச்சிருக்கிற?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் அதோடு விட்டிருக்கலாம். "அப்பன் தன்ன மட்டும்தான் ஊர்லருந்து காணாம பண்ணிக்கினான். புள்ள ஊர்ல இருக்கிறவன காணாம பண்றான்."

எதை மறைக்க நான் அந்தக் கட்டத்தை எடுக்கச் சொன்னேனோ, அது அத்தனை பேர் முன்னால் வந்து விழுந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றும் இல்லை. அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். பேசினால் ஏன் எடுக்கச் சொன்னாய் என்று கேட்பார்கள், என் வீட்டுப் பெயரை என் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பேசவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்கூட அப்போது எனக்கு இல்லை. இருந்தது என்று சொன்னால் நீ மன்னித்துவிடுவாய் என்பதால் சொல்கிறேன், இல்லை. நீ என் பக்கம் திரும்பினாய். பிறகு முதலாளியிடம், "தப்பு என்னுதுதாங்க. இப்பவே பிரிச்சிக் குடுத்துடறேன்" என்றாய். கிளி வீட்டுக்காரரிடம் போய்க் கைகூப்பினாய். அவர் உன்னைப் பார்க்கவே இல்லை. நீ உட்கார்ந்து, அந்தக் கட்டத்தைத் திரும்பச் சேர்த்து, எல்லாப் பெயரையும் நோட்டைப் பார்த்து நீயே அடித்தாய். உன் தாத்தாவின் வரி வரும்போது நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

சகலை கடை வேலையைப் பற்றி அதன் பிறகு பேச்சு வரவில்லை. நீ ஒருமுறை போய்க் கேட்டாய். பார்க்கலாம் என்று சொன்னாராம். நீ வரைந்த தாளை மடித்து எங்கோ வைத்துவிட்டாய். பெங்களூரிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தபோது, அந்த ஊரா என்று கேட்டது தாத்தா மட்டும்தான். நான் உன் துணிகளை மடித்துக்கொடுத்தேன். அத்தனை நாளும் நீ என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. உப்பு குறைந்தால் சொல்வாய், மோட்டார் போடச் சொல்வாய். நீ மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

பஸ் நிலையத்தில் வண்டி கிளம்புவதற்கு நேரம் இருந்தது. நான்தான் தாங்காமல் கேட்டேன், ஏன்பா அன்றைக்கு நீ உண்மையைச் சொல்லவில்லை என்று. நீ பையின் வாரைச் சரிசெய்துகொண்டே சொன்னாய்: "நீ சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்மா." கோபமாகச் சொல்லவில்லை. பிறகு அந்தப் பெயர் உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று நான் உளறினேன். "எது, ஓடிப்போனவன் வூடா? எனக்கு மூணாங்கிளாஸ்லருந்து தெரியும்மா. பசங்க கூப்புடாத நாளே இல்ல. உனக்குத்தான் தெரியக்கூடாதுன்னு நான் வூட்ல சொல்லல." அதற்குள் கண்டக்டர் ஏறச் சொல்லிவிட்டார். நீ ஏறிக்கொண்டாய். 

கண்ணு, வீட்டை விட்டுப் போகும் பிள்ளைக்குப் பெற்றவர்கள் புத்தி சொல்லி எழுதுவது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் உன் தொழிலைப் பற்றி ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன், நான் அதன் தவறான பக்கத்தில் நின்றவள் என்பதால். நீ இனிப் பல அலுவலகங்களுக்குப் போவாய். ஒவ்வொன்றிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள், எல்லாம் தெரிந்தவள், உனக்கு டீ வாங்கி வைப்பவள். இது தேவை இல்லை, அதை விட்டுவிடு என்று அவள் சொன்னால் உடனே விட்டுவிடாதே. அவள் கெட்டவளாக இருக்கமாட்டாள். ஆனால் ஒரு அலுவலகத்தின் நோட்டுகளில் அங்கே வேலை செய்பவர்களின் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், புது ஏற்பாடு வரும்போது அதைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்று அவர்களுக்கு ஆசை வரும். பட்டியலை அவளோடு மட்டும் சரிபார்க்காமல், அதில் பெயர் இருக்கும் ஆட்களில் சிலரையாவது நேரில் கூப்பிட்டுக் கேள். உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள், உங்கள் பெயரில் இன்னொருவர் இருக்கிறாரா என்று கேள். கிளி வீட்டுக்காரரை ஒரு தடவை உட்கார வைத்துக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். உனக்கு அந்த எண்ணம் இருந்தது, தடுத்தது நான்.

இன்னொன்று, இது தொழிலைப் பற்றியது இல்லை. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு யாராவது எதையாவது மறைத்தால், அவர்களைச் சும்மா விடாதே. என்னையும்தான். நீயும் யாருக்கும் அப்படிச் செய்யாதே. மூன்றாம் வகுப்பிலிருந்து நீ தனியாகச் சுமந்துகொண்டிருந்தாய், பக்கத்து அறையில் நான் தனியாகச் சுமந்துகொண்டிருந்தேன், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கலாம். சிரிக்க முடியாவிட்டால் அழுதிருக்கலாம். எவ்வளவோ படித்திருக்கிறேன், யார் யாரோ எழுதிய துயரங்களுக்கெல்லாம் கண்ணீர் விட்டிருக்கிறேன். எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிற பிள்ளையின் முகத்தில் இருந்ததைப் படிக்கவில்லை.

நீ போன மறுநாள் கடை திறந்ததும் முதலாளியிடம் போனேன். சாந்தி இருந்தாள், வாடிக்கையாளர் இரண்டு பேர் இருந்தார்கள், பாவு வாங்க வந்த நெசவாளர்கள் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கவில்லை. ஓடிப்போனவன் வீடு என்று எங்கள் வீட்டுக்குப் பெயர், அதை என் பிள்ளை பார்க்கக்கூடாது என்று கட்டத்தையே எடுக்கச் சொன்னேன், இரண்டு ஏகாம்பரத்தையும் ஒன்றாக்கச் சொன்னதும் நான்தான் என்று சொன்னேன். எல்லாருக்கும் கேட்டது. முதலாளி மவுஸிலிருந்து கையை எடுத்தார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேமா" என்றார். பிறகு போய் வேலையைப் பார்க்கச் சொன்னார். உனக்குப் போன் செய்து பேசும்படி கேட்டேன், சரி என்றார். இதை எழுதும் வரை பேசவில்லை என்று நினைக்கிறேன். சகலை கடைக்குச் சென்னையிலிருந்து ஆட்கள் வந்து கம்ப்யூட்டர் போட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலமே கிளி வீட்டுக்கும் போனேன். வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தறியில் உட்கார்ந்தபடியே கேட்டார், எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார். தறியில் புதுப் பாவு ஏறியிருந்தது. எங்கள் கடையுடையது இல்லை. அவர் இப்போது வேறு கடைக்கு நெய்கிறார்.